புகார் மனு யார் மேசைக்குப் போகிறது?

பெரியோர்களே, வார்டு உறுப்பினர்களே, மகளிர் குழுச் சகோதரிகளே, வணக்கம்.

தெருவிளக்கு எரியவில்லை என்பது ஒரு புகார். அதைக் கேட்கப்போன பெண்ணை ஊராட்சி செயலர் ஒருமையில் ஏசி விரட்டினார் என்பது வேறு புகார். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால், விளக்கை மாட்டிவிட்டு மனுவை முடித்துவிடுவார்கள். ஏசியதை யாரும் விசாரிக்க மாட்டார்கள். ஆகவே நடத்தைக்கென்று தனி மனு எழுதுங்கள்.

அந்த மனு எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தாலும், முதல்வரின் உதவி எண்ணான 1100க்குப் பேசிப் பதிந்தாலும், அது துறைக்குப் போகும்; துறையிலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு வரும். அங்கே கவனிக்காமல் 'அறிக்கை அனுப்புக' என்று எழுதிவிட்டால், நேராக அந்த ஊராட்சிக்கே வந்து சேரும். யார்மீது புகாரோ அவரே பதில் எழுதுவார். அந்தப் பதில் மேலே ஏறி, 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று உங்களிடமே திரும்பி வரும். இது பெரிய அநியாயம். மனுப் பிரிவில் இருப்பவர்கள் பொருள் வரியைப் பார்த்ததுமே பிரித்துவைத்தால் இதைத் தடுத்துவிடலாம். அதனால் பொருள் வரியிலேயே எழுதுங்கள்: 'பணியாளர் நடத்தை குறித்த புகார், மேல்நிலை அலுவலர் நேரில் விசாரிக்க வேண்டி.'

யாருக்கு எழுதுவது? கிராம ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மாவட்டத்தின் ஊராட்சிகள் உதவி இயக்குநருக்கும். ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் அவருக்கும் ஒரு நகல். பேரூராட்சி செயல் அலுவலர்மீது என்றால் பேரூராட்சிகள் உதவி இயக்குநர். நகராட்சி, மாநகராட்சி ஊழியர் என்றால் ஆணையர். கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சி ஆள் இல்லை, வருவாய்த் துறை. அவர்மீதான புகார் வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் போக வேண்டும். இந்த இடத்தில்தான் நிறைய மனுக்கள் வழிதவறுகின்றன.

'அவர் எப்போதும் திமிராகப் பேசுவார்' என்று எழுதினால் எந்த அதிகாரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. அரசு ஊழியருக்கு, தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு விதிகளில் உள்ள 17(ஏ), 17(பி) விதிகளில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை (மெமோ) கொடுக்க, ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சி வேண்டும். 17(ஏ) சிறு தண்டனைக்கு. விளக்கம் கேட்டு முடிவெடுப்பார்கள். 17(பி) என்றால் விசாரணை அலுவலர், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் உண்டு, வேலையே போகலாம். மற்ற உள்ளாட்சிப் பணியாளருக்கும் அவரவர் பணி விதிகள் இருக்கின்றன. தேதி, நேரம், இடம், சொன்ன சொல் அப்படியே, அருகில் நின்றவர் பெயர் என எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மொட்டைக் கடிதத்தை நம்பி நடவடிக்கை எடுக்க மாட்டார்கள்.

லஞ்சம் கேட்டால் வழி வேறு. அதைக் குறைதீர் மனுவில் எழுதவே எழுதாதீர்கள். மனு கீழே இறங்கும்போதே அந்த ஆள் உஷாராகிவிடுவார். பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்ட ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புப் பிரிவுக்குப் போங்கள். நோட்டில் பினாப்தலின் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் கழுவினால் கரைசல் இளஞ்சிவப்பாகும். ஆனால் கையில் பணம் இருந்தது மட்டும் போதாது, கேட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அதனால் உடன் வரும் சாட்சியின் காதில் விழும்படி லஞ்சம் கேட்பவரைப் பேசவிடுங்கள். கட்டாயத்தால் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? 7 நாளுக்குள் அந்தப் பிரிவிடம் சொல்லிவிட வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். அந்தக் கெடுவுக்குள் சொன்னால்தான் பாதுகாப்பு.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி காவல் நிலையத்துக்கே போக வேண்டும். துறை விசாரணை முடியட்டும் என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். வாக்குமூலத்தை முழுதும் படித்த பிறகே கையெழுத்து. வெற்றுத் தாளிலும், 'சமாதானமாகிவிட்டோம்' என்று முன்கூட்டியே எழுதிவைத்த தாளிலும் கையெழுத்துப் போடவே கூடாது.

ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கேட்க வேண்டியது மூன்று: என் மனு எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, விசாரித்தவர் என்ன பதவியில் இருப்பவர், என் மனுமீது எழுதிய குறிப்புகளின் நகல். அந்த ஊழியருக்குக் கொடுத்த மெமோவைக் கேட்டால், 2012 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டித் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிடுங்கள்.