அன்றன்றைய அப்பம்

அன்பான சகோதர சகோதரிகளே,

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." கர்த்தருடைய ஜெபத்தில் இந்த வரியைத் தயங்காமல் சொல்லிப் போகிறோம். ஆனால் 'வேண்டிய' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல், வேதபண்டிதர்களை நூற்றாண்டுக் கணக்கில் திணறவைத்த சொல். எபியூசியோஸ்.

புதிய ஏற்பாட்டில் அது வருவது மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டு வசனங்களில் மட்டும். இரண்டுமே இதே ஜெபம்தான். மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓரிகன் கிரேக்கத்திலேயே ஊறியவர். கற்றவர்களும் இதை எழுதுவதில்லை, சாதாரண ஜனங்களும் பேசுவதில்லை, சுவிசேஷகர்களே உண்டாக்கிய சொல் போலத் தெரிகிறது என்று அவரே எழுதினார். அப்புறம் ஜெரோம். அவருடைய இலத்தீன் வேதத்தில் லூக்காவில் 'அன்றாட அப்பம்' என்று இருக்கிறது, மத்தேயுவிலோ 'எல்லாப் பொருளுக்கும் மேலான அப்பம்' என்று இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. எகிப்தில் ஹவாரா என்ற இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி தோண்டி எடுத்த பாப்பிரஸ் ஏடுகளில் ஒரு வீட்டுச் செலவுக் கணக்கும் இருந்தது. அதைப் படியெடுத்த சேய்ஸ், ஒரு வரியில் இந்தச் சொல்லின் முற்பகுதி இருப்பதாக 1889இல் வெளியிட்டார். அப்படியானால் இது தினப்படியைக் குறிக்கும் சாதாரணச் சொல்தானே என்று அறிஞர்கள் பலர் மகிழ்ந்தார்கள். சரிபார்க்கலாம் என்றால் ஏட்டைக் காணவில்லை. 1998இல்தான் அது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அகப்பட்டது. மறுபடி வாசித்துப் பார்த்தபோது அங்கே இருந்தது 'எண்ணெய்' என்ற சொல். நூறாண்டு காலம் அகராதிகளும் விளக்கவுரைகளும் எடுத்துக்காட்டிய சான்று, எண்ணெய்ச் செலவாகப் போய்விட்டது! வேதத்தைப் படிக்கிறவர்களுக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று இந்த ஏட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

சரி, பொருள்தான் என்ன? 'உயிர்வாழத் தேவையான' என்பது ஒரு கருத்து. நம் தமிழ் வேதாகமம் அந்தப் பக்கம் நிற்கிறது. 'வரப்போகும் நாளுக்கான' என்பது மற்றொன்று. அப்போஸ்தலர் 16:11இல் 'மறுநாளிலே' என்று வாசிக்கிறோமே, அங்கே உள்ள கிரேக்கச் சொல் இதற்கு நெருங்கிய உறவு. என் மனம் இதன் பக்கமே சாய்கிறது.

இந்த ஜெபத்தை முதலில் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். மத்தேயு 20இல் சந்தைவெளியில் வேலைக்காகக் காத்து நிற்கிறார்களே, நாளுக்கு ஒரு பணம் கூலி வாங்குகிறவர்கள், அவர்களைப் போன்றவர்கள் அந்தக் கூட்டத்தில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24:15 கட்டளையிடுகிறது. அந்தக் காசு வந்தால்தான் வீட்டில் அடுத்த வேளைச் சாப்பாடு. வனாந்தரத்தில் மன்னாவும் அந்தந்த நாளுக்கென்றே விழுந்தது, மீத்துவைத்தது புழுத்தது.

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" என்று அதே அதிகாரத்தில் சொன்னவர் நாளைய அப்பத்தைக் கேட்கச் சொல்வாரா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விடியற்காலையில் இந்த ஜெபத்தைச் சொல்கிறவனுக்கு வரப்போகும் நாள் என்பது இன்றுதான். இரவில் சொல்கிறவளுக்கு அது நாளை. பிள்ளைகளுக்கு விடிந்ததும் என்ன கொடுப்பது என்ற பாரத்தைப் பிதாவிடம் இறக்கி வைத்துவிட்டு அவள் தூங்கப் போகலாம்.