மாடிப்படிக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நீங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்பவரானால், இந்த உரை முடிந்ததும் உங்கள் கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். மின்சார மீட்டர்கள் இருக்கும் அந்த முக்கோண இடுக்கில், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியும், காற்றிறங்கிய குழந்தை சைக்கிளும், யாரோ கழற்றிப்போட்ட வாஷ்பேசினும் அநேகமாக இருக்கும். யாருடையவை என்று கேட்டால் எல்லா வீட்டிலும் 'எங்களுடையது இல்லை' என்பார்கள். எடுத்துப் போட்டுவிட்டாலோ, மறுநாளே ஒருவர் வந்து எங்கே என்று கேட்பார். நங்கநல்லூரில் 36 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கச் செயலராக ஒன்பது ஆண்டுகள் இருந்ததில், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குப் பாதித் தலைமுடி போயிற்று.

எங்கள் பி பிளாக்கில் பச்சை வண்ணம் உரிந்த தகரப் பெட்டி ஒன்று ஆறு ஆண்டுகளாகக் கிடந்தது. பூட்டு துருவேறியிருந்தது, வாட்ச்மேன் அதன்மேல் உட்கார்ந்துதான் செய்தித்தாள் படிப்பார். ஆண்டுப் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து, அதைக் காயலான் கடையில் போட வேண்டும் என்று தீர்மானமே கொண்டுவந்தார். கைகளும் மளமளவென்று உயர்ந்தன. திறந்து பார்க்காமல் போடக் கூடாது என்று நான் சொன்னபோது, 'சாருக்கு வேறு வேலை இல்லை' என்ற முணுமுணுப்பும் காதில் விழத்தான் செய்தது.

மறுநாள் காலை, குழு உறுப்பினர் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பூட்டை உடைத்தோம். உள்ளே பழைய வேட்டித் துணியில் சுற்றிய எவர்சில்வர் பாத்திரங்கள்: அடுக்கு ஒன்று, சம்புடம் இரண்டு, கூஜா ஒன்று. கூஜாவின் கழுத்தில் புள்ளி புள்ளியாக, 'ஆர்.எஸ். 9-6-74' என்று வெட்டியிருந்தது. நான் பராமரிப்புக் கட்டண ரசீதுப் புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். அந்த எழுத்துகளில் ஒருவரும் இல்லை. எப்படி இருப்பார்கள்? ரசீதெல்லாம் கணவர் பெயரில் அல்லவா? மூன்றாம் மாடியிலிருந்து மெல்ல இறங்கி வந்த ஒரு பாட்டி பார்த்த மாத்திரத்தில், 'இது பி-4 மாமியின் கூஜா ஆயிற்றே, யாத்திரைக்கெல்லாம் இதில்தான் காப்பி கொண்டுவருவாள்' என்றார். திருச்சிக்குக் குடிபெயர்ந்திருந்த அந்த அம்மையாரைத் தொலைபேசியில் பிடித்தோம். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, 'லாரிக்காரன் எடுத்துக்கொண்டான் என்று அவன் கூலியில் 500 ரூபாய் பிடித்துவிட்டேனே!' என்றார்.

பெட்டி கதையை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேட்பாரற்றுக் கிடப்பது என்பது வேறு, உரியவர் இல்லாதது என்பது வேறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71-ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய அதே கடமைக்கு உட்பட்டவர் என்கிறது. நியாயமான முயற்சி செய்து உரியவரைத் தேடாமல் நேர்மையற்ற முறையில் அதைத் தனதாக்கிக்கொள்வது குற்றம். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுக்குழுவில் எத்தனை கைகள் உயர்ந்தாலும் அந்தப் பொருள் சங்கத்துக்குச் சொந்தமாகிவிடாது. பொதுப் பகுதி நம் எல்லோருக்கும் உரியது என்பது உண்மை. ஆனால் அங்கே கிடக்கும் பொருள் அப்படியல்ல.

ஆகவே நாங்கள் ஒரு நோட்டுப் போட்டோம். ஆம், வெறும் 80 பக்க நோட்டுத்தான். இதைப் பற்றி நான் பேசத் தொடங்கினாலே என் மனைவி அடுத்த அறைக்குப் போய்விடுவாள். பொருளில் தேதியிட்ட ஒரு சீட்டைக் கட்டுவோம். ஒரு புகைப்படம் எடுப்போம். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும், காலி செய்து போன வாடகைதாரருக்கும் தகவல் அனுப்புவோம், ஏனென்றால் பலகையைப் பார்ப்பவர்கள் இங்கே இருப்பவர்கள் மட்டுமே. முப்பது நாள் கழித்து இரண்டாவது சீட்டு, அதற்குப் பிறகே குழுவின் முடிவு. விற்றால், தொகையும் வாங்கியவர் கையெழுத்தும் நோட்டில் ஏறும். இதில் எதற்குமே பெரிய செலவில்லை. உரியவர் மூன்றாம் மாதம் வந்து கேட்டால், நோட்டைத் திறந்து காட்ட முடிகிறது. அதுவரை செயலரை முறைத்துப் பார்த்தவர் உட்கார்ந்து படிக்கத் தொடங்குகிறார்.

முப்பது நாள் காத்திருக்க முடியாத பொருள்களும் உண்டு. மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயர், மூடியில்லாத வாளி, உடைந்த பூந்தொட்டி ஆகியவற்றில் மழைநீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் வந்துவிடுகிறது. தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. அதன் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, பல மாதம் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். மீட்டர் பலகைக்கு அருகே அடுக்கிய அட்டைப் பெட்டியும் மெத்தையும் தீப்பிடிக்கக்கூடியவை, அவையும் காத்திருக்க முடியாதவைதான். அவற்றை அன்றே வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பிறகு சீட்டுக் கட்டலாம்.

வாகனங்களைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும் என்று எழுதிவைத்திருந்தேன், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி, பிறகு எடுக்கப்படாமலே நின்ற ஸ்கூட்டர்களின் கதை உட்பட. ஆனால் கண்ணாடிக்கு அப்பால் நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார், பெட்டியும் கூஜாவும் என் நேரத்தைத் தின்றுவிட்டன. ஆதலால் சுருக்கமாக: வண்டியை ஒருபோதும் காயலான் கடைக்கு நேரே அனுப்பாதீர்கள். வண்டியின் பதிவு எண்ணையும் சேசிஸ் எண்ணையும் குறித்து, காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுத்து, அது திருட்டு வண்டியா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கொடுத்த கடிதத்துக்கு ஒப்புகை வாங்கி, அதையும் அந்த நோட்டிலேயே ஒட்டிவையுங்கள். நன்றி, வணக்கம்.