வால்டாக்ஸ் ரோட்டில் தேங்காய் உடைத்த நாள் | டி.பி.ராஜலட்சுமி

வணக்கம் மக்களே. முதலில் ஒரு மன்னிப்பு. இந்த வீடியோ நேற்றே வந்திருக்க வேண்டியது. நேற்று காலை 7 மணிக்கே கிளம்பி, சென்ட்ரல் பக்கவாட்டில் ஆரம்பித்து வால்டாக்ஸ் ரோடு முழுக்க நடந்து, பேசி, வியர்த்து வழிந்து, வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் சத்தமே இல்லை. காலர் மைக்கை ஆன் பண்ண மறந்திருக்கிறேன். 40 நிமிடம் நான் வாயை அசைக்கிறேன், கையை ஆட்டுகிறேன், பின்னால் ஒரு லோடுமேன் அண்ணன் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு என்னையே பார்க்கிறார், அவ்வளவுதான். அசல் ஊமைப்படம். என் தம்பி பார்த்துவிட்டு, "அக்கா, நடுநடுவில் எழுத்துப் போட்டு விட்டுடு, அந்தக் காலத்துப் படம்னு சொல்லிக்கலாம்" என்கிறான்.

சரி, யாரைக் கோபித்துக்கொள்வது. நான் சொல்ல வந்ததும் அந்தக் கதைதான், ஊமையாக இருந்த படம் தமிழில் முதல் தடவை வாய் திறந்த கதை. அந்த வாய் யாருடையது என்றால், திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி. டி.பி.ராஜலட்சுமி.

இப்போது நான் நிற்பது வால்டாக்ஸ் ரோடு. போர்டில் வ.உ.சி. சாலை என்று இருக்கும், ஆனால் ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார். இந்தப் பெயரே ஒரு வேடிக்கை. வெள்ளைக்காரன் 18ஆம் நூற்றாண்டில் நம் ஜனங்கள் குடியிருந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினான், கட்டின செலவுக்கு நம் ஆட்களிடமே வரி போடப் பார்த்தான், வரி வசூலாகவே இல்லை. வால் டாக்ஸ், அதாவது மதில் வரி, என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. மிச்சம் கொஞ்சம் மதில் இன்னும் மாடிப் பூங்கா பக்கம் இருக்கிறது, அது தனி வீடியோ.

1931 அக்டோபர் 31. அன்றைக்குத்தான் தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ் வெளியாகிறது. எங்கே? மவுண்ட் ரோட்டில் இல்லை மக்களே, நம்ம மின்ட், அதான் தங்கசாலைப் பக்கம், கினிமா சென்ட்ரல் என்ற கொட்டகையில். பின்னாளில் அதற்கு முருகன் டாக்கீஸ் என்று பேர் வந்தது. படம் எடுத்தது பம்பாயில், இம்பீரியல் கம்பெனி, அதே வருடம் இந்தியாவின் முதல் பேசும் படத்தை எடுத்த அர்தேஷிர் இரானியின் கம்பெனி. டைரக்டர் எச்.எம்.ரெட்டி. ஏன் பம்பாய் என்றால், அப்போது மெட்ராஸில் ஒலிப்பதிவு செய்ய ஸ்டுடியோவே கிடையாது. 1934இல்தான் ஏ.நாராயணன் இங்கே சீனிவாசா சினிடோன் ஆரம்பித்தார். அதில் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி மீனாட்சி. அந்த அம்மாவைப் பற்றியும் ஒரு நாள் பேச வேண்டும், மைக்கை ஆன் பண்ணத் தெரிந்தவர்.

அப்புறம், ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கிய படப்பெட்டியை எப்படிக் கொண்டுபோனார்கள் தெரியுமா? அந்தக் காலத்து சினிமா பற்றி எழுதியவர்கள் சொல்கிற காட்சி இது: ஸ்டேஷனிலிருந்து கொட்டகை வரைக்கும் இதே வால்டாக்ஸ் ரோடு வழியாக ஊர்வலம், பெட்டி மேல் ரோஜா இதழ் தூவி, தேங்காய் உடைத்து, ஊதுபத்தி கொளுத்தி, ஆயிரக்கணக்கில் ஜனம் பின்னாலேயே. உற்சவர் புறப்பாடு மாதிரி. இப்போது இங்கே பாருங்கள், பார்சல் ஆபீஸ், லாரி, மீன்பாடி வண்டியில் கோணி மூட்டை, எல்லாமே பெட்டிதான், ஆனால் ஒன்றுக்கும் ஒரு பூ கூடக் கிடையாது. நேற்றைய லோடுமேன் அண்ணன் இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறார். "என்னம்மா, நேத்துதானே வந்தே, போணி ஆகலையா?" என்கிறார்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பது இன்னும் வேடிக்கை. கதை காளிதாசர் கதை. அமைச்சர் தன் மகனை இளவரசிக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார், அவள் மாட்டேன் என்கிறாள், பழிவாங்க அமைச்சர், உட்கார்ந்திருக்கிற கிளையையே வெட்டிக்கொண்டிருந்த ஒரு மாடு மேய்ப்பவனைப் பிடித்துக்கொண்டு வந்து அவளுக்குக் கட்டிவைக்கிறார். இளவரசி நம்ம ராஜலட்சுமி. அவர் பேசுவது தமிழ். கதாநாயகன் வாயைத் திறந்தால் தெலுங்கு! யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. நடுவில் தியாகராஜர் கீர்த்தனை வருகிறது. அப்புறம் மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய, காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டு வருகிறது. காளிதாசர் காலத்தில் காந்தி! அது போதாதென்று குறத்தி நடனம் வேறு. இதையெல்லாம் கேலியாகச் சொல்லவில்லை. ஸ்பெஷல் நாடகம், அதாவது தனித்தனியாகக் கூப்பிட்ட நடிகர்கள் சேர்ந்து போடுகிற நாடகம், பார்த்து வளர்ந்த ஜனத்துக்கு அதுதான் பழக்கம். ராஜா வேஷம் போட்டவர் நடுவில் தேசியப் பாட்டு பாடினால் கைதட்டி ஒன்ஸ்மோர் கேட்பார்கள். கொட்டகை மாறியது, ஆட்கள் மாறவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அப்போது டப்பிங் கிடையாது, பின்னணிப் பாட்டு கிடையாது. கேமரா ஓடும்போதே பேச வேண்டும், பாட வேண்டும், ஆட வேண்டும். நான் நேற்று சொதப்பினேன், இன்றைக்குத் திரும்ப வந்துவிட்டேன், செலவு ஒரு பஸ் டிக்கெட் கூட இல்லை, மகளிர் இலவசம். அங்கே பிலிம் ஓடினால் காசு. அதனால்தான் சினிமாக்காரர்கள் நாடக மேடையில் ஊறியவர்களைத் தேடிப் போனார்கள். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடுகிற தொண்டை அவர்களிடம்தான் இருந்தது.

ராஜலட்சுமிக்கு அந்தத் தொண்டை எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே மனதில் நிற்கிற இடம். 1911இல் பிறந்தவர். அப்பா கிராமக் கணக்கர். பிராமணக் குடும்பம், குழந்தையாக இருக்கும்போதே கல்யாணம், அது நிலைக்கவில்லை. அப்பாவும் போய்விட்டார். அம்மாவும் பெண்ணுமாகத் திருச்சிக்கு வருகிறார்கள். அந்த வயதில், அந்த ஜாதியில், அந்த நிலைமையில் ஒரு பெண்ணுக்கு என்ன வழி? ஏதாவது ஓர் உறவுக்காரர் வீட்டுச் சமையற்கட்டு, அவ்வளவுதான். இவர் சாமண்ணா நாடகக் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் இந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் என்பார்கள். பெண் வேஷத்தையே பையன்கள் போட்டுக்கொண்டிருந்த காலம். மேடை ஏறின பெண்ணை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை, இப்போதும் என் கமென்ட்டில் சில பேர் அதைத்தான் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

இதே வால்டாக்ஸ் ரோட்டில்தான் ஒத்தவாடை தியேட்டர் இருந்தது, பெரிய பெரிய நாடகக் கம்பெனியெல்லாம் வந்து ஆடின இடம். நாடகக் கொட்டகையிலிருந்து சினிமாக் கொட்டகைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரம். ஊமைப்படத்திலும் ராஜலட்சுமி நடித்தார், 1929இல் கோவலன். அது ஊமை, காளிதாஸ் பேச்சு, அப்புறம் 1938இல் நந்தகுமார் என்று ஒரு படம், அதில் இவர் யசோதை. அந்தப் படத்தில்தான் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பன், நடித்த ஒருவருக்கு வேறொருவரைப் பாட வைத்து இரவல் குரலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அதாவது ஒரே மனுஷி பத்து வருஷத்துக்குள் ஊமைப்படம், சொந்தக் குரல், இரவல் குரல் மூன்றும் வந்த படங்களில் நடித்துவிட்டார். நமக்கு ஒரு ஆப் அப்டேட் ஆனாலே தலை சுற்றுகிறது.

நடுவில் 1933இல் வள்ளி திருமணம். கல்கத்தாவில் எடுத்த படம், நன்றாக ஓடியது. இவர் வள்ளி, நாரதராக நடித்தவர் டி.வி.சுந்தரம். வள்ளி முருகனை விட்டுவிட்டு நாரதரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். ஆமாம், நிஜமாகவே. சினிமா ராணி என்று ஜனம் கூப்பிட ஆரம்பித்த காலம் அது.

இதற்கு மேல்தான் இருக்கிறது விஷயம். கதாநாயகியாகக் கொடிகட்டிப் பறக்கும்போதே 1936இல் மிஸ் கமலா என்று ஒரு படம். கதை இவர் எழுதிய நாவல், கமலவல்லி. தயாரிப்பு இவர், டைரக்‌ஷன் இவர், எடிட்டிங் இவர், நடிப்பும் இவர். தென்னிந்தியாவிலேயே முதல் பெண் இயக்குநர். கதை என்ன தெரியுமா? ஒருவனைக் காதலித்த பெண்ணை வேறொருவனுக்குக் கட்டிவைத்துவிடுகிறார்கள், விஷயம் தெரிந்த கணவன் அவளைத் தங்கையாக நினைத்துக் காதலனிடமே சேர்த்துவைக்கிறான். இது 1936, மக்களே. இதே கதையை எத்தனை வருஷம் கழித்து எத்தனை பேர் எடுத்து, கடைசியில் தாலியைக் கண்ணில் ஒற்ற வைத்து அனுப்பினார்கள் என்று உங்களுக்கே தெரியும். ஏழெட்டு வயதில் கட்டிவைக்கப்பட்ட ஒரு பெண் பேனாவைப் பிடித்தால் அந்தக் கதைதான் வரும் என்று எனக்குப் படுகிறது. பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயர். பெண்ணாகப் பிறந்ததால் கொல்ல இருந்த ஒரு குழந்தையைத் தத்தெடுத்து வளர்த்தார் என்றும் சொல்வார்கள்.

1939இல் மதுரை வீரனையும் எடுத்தார். அதற்கப்புறம் மெல்ல மெல்ல ஒதுங்கிப்போனார். 1953இல் பானுமதி சண்டிராணியை டைரக்ட் பண்ணியதைப் பெரிதாகப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும், ஆனால் அதற்கு 17 வருஷம் முன்னாலேயே இவர் பண்ணிவிட்டார். 1964இல் இறந்தார், 60 வயது கூட ஆகவில்லை.

இப்போது மின்ட் பக்கம் வந்துவிட்டேன். யானைகவுனி வழியாக வந்தால் சீக்கிரம் வந்திருக்கலாம், பெட்டி போன பாதையிலேயே வர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். எங்கள் ஆயா இந்த முருகன் கொட்டாயில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர். நேற்று ராத்திரி கேட்டேன், "ஆயா, டி.பி.ராஜலட்சுமி தெரியுமா?" "டி.ஆர்.ராஜகுமாரியா?" என்கிறார். இல்லை, ராஜலட்சுமி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கே.பி.சுந்தராம்பாளைக் கேளு, ஔவையார் முழுக்க சொல்றேன்" என்றார். ஆயா மேல் தப்பே இல்லை. காளிதாஸ் பிரின்ட் இல்லை. மிஸ் கமலா பிரின்ட்டும் இல்லை. பார்க்கவே முடியாத படத்தில் நடித்தவரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அந்தப் பழைய பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் வெயிலிலும் ஈரத்திலும் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். தேங்காய் உடைத்து வரவேற்ற பெட்டி கடைசியில் எந்த குடோனில் கிடந்து மக்கியதோ.

இங்கே பூக்காரம்மாவிடம் கால் கிலோ ரோஜா வாங்கினேன், வீட்டுக்குத்தான். கேமராவைப் பார்த்துவிட்டு "எந்த நடிகைம்மா வராங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எப்ப வந்தாங்க?" 1931இல் என்றேன். அவர் பதில் சொல்லாமல் தராசில் இன்னும் நாலு பூவை அள்ளிப் போட்டார்.

ஒரு உதவி. அந்தக் காலத்தில் படம் ஓடும்போது கொட்டகையில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். மண்ணடி, சௌகார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீட்டில் இருக்கிறவர்கள் பரணை ஒரு தடவை பாருங்கள். ராஜலட்சுமி பேர் போட்ட பாட்டுப் புத்தகம் ஏதாவது கிடைத்தால், புத்தகம் வேண்டாம், தெளிவாக போட்டோ எடுத்து அனுப்புங்கள், ஓரம் உதிர்கிற தாளாக இருந்தால் ரொம்ப விரிக்காதீர்கள். மைக் லைட் எரிகிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன், எரிகிறது. லாரி ரிவர்ஸில் வருகிறது, நான் நகர்ந்துகொள்கிறேன்.