அணுவை எண்ணியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிக்கூடத்தில் அணுவின் வரலாறு என்றால் ஒரு படவரிசைதான் நினைவுக்கு வரும். டால்டனின் உருண்டை, தாம்சனின் தர்பூசணி, ரூதர்ஃபோர்டின் சூரியக் குடும்பம், நீல்ஸ் போரின் வட்டப்பாதைகள். ஒருவர் வரைந்ததை அடுத்தவர் அழித்து வரைந்தார், ஐந்து மதிப்பெண் கிடைத்தது, முடிந்தது கதை. அந்த வரிசையில் முதல் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் நடுவே ஏறத்தாழ நூறு ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அந்த நூறு ஆண்டும் வேதியியலாளர்கள் அணுவை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். ஆனால் அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று கேட்டால், அவர்களிலேயே பலர் உதட்டைப் பிதுக்கினார்கள். இன்று அந்தச் சந்தேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

பொருளைப் பிளந்துகொண்டே போனால் எங்கேயாவது நின்றாக வேண்டும் என்று கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸும், இந்தியாவில் வைசேஷிகம் என்ற தத்துவப் பள்ளியின் கணாதரும் சொன்னார்கள். ஆழமான சிந்தனைதான். ஆனாலும் அங்கிருந்து ஒரு கோடு இழுத்து நேராக நவீன அறிவியலில் கொண்டுபோய் முடிச்சுப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1803இல் மான்செஸ்டரில் அணு எடைகளின் பட்டியலைப் போட்ட ஜான் டால்டனிடம் இருந்தவை எடைக் கணக்குகள்.

டால்டன் ஒரு நெசவாளியின் மகன். பள்ளி ஆசிரியர். வானிலைப் பித்து வேறு. 1787இல் தொடங்கிய வானிலைக் குறிப்பேட்டை 1844இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். காற்றைப் பற்றி யோசித்துத்தான் அணுவுக்கு வந்து சேர்ந்தார். அவருக்குத் துணை நின்ற கணக்கு எளிமையானது. 3 கிராம் கார்பன் 4 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஒரு வாயு கிடைக்கிறது. அதே 3 கிராம் கார்பன் 8 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறொரு வாயு. நாலு, எட்டு. சரியாக இரண்டு மடங்கு. நடுவில் ஐந்தே கால், ஆறரை என்றெல்லாம் வருவதில்லை. முதல் வாயுவில் ஒரு கார்பன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு, மற்றதில் இரண்டு என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் விளங்கிவிடுகிறது.

சரி, பிறகு ஏன் சந்தேகம்? தராசு விகிதத்தைத்தான் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. ஓட்டல் பில்லில் இட்லிக்கு இவ்வளவு, வடைக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை மட்டும் போட்டிருந்தால், எத்தனை இட்லி, எத்தனை வடை என்று தெரியாமல் ஒரு வடையின் விலையை எப்படிச் சொல்வது? தண்ணீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்றால் ஆக்சிஜன் அணு ஹைட்ரஜனைப் போல 8 மடங்கு எடை. இரண்டுக்கு ஒன்று என்றால் 16 மடங்கு. எது எளிமையோ அதுவே சரி என்று டால்டன் ஒன்றுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். இத்தாலியின் அவகாட்ரோ 1811இலேயே இதற்கு வழி சொல்லியிருந்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும், சம அளவு வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கின்றன என்றார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து வந்தது அரை நூற்றாண்டுக் குழப்பம். ஆளுக்கொரு அணு எடை, ஆளுக்கொரு வாய்பாடு. வினிகருக்குப் புளிப்பைக் கொடுக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு மட்டும் 19 விதமான வாய்பாடுகள் புழக்கத்தில் இருந்ததை ஜெர்மன் வேதியியலாளர் கெக்குலே தன் பாடநூலில் பட்டியலிட்டிருக்கிறார். கடைசியில் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் மாநாடு கூட்டினார்கள். மூன்று நாள் பேசியும் ஒரு முடிவும் வரவில்லை. அங்கே அவகாட்ரோவுக்காக வாதாடியவர் இத்தாலிய வேதியியலாளர் கன்னிசாரோ. கலைந்து போகும்போது எல்லாருடைய கையிலும் அவர் எழுதிய சிறு நூல் ஒன்று கொடுக்கப்பட்டது. அதைப் பிறகு படித்த லோத்தர் மேயர் என்ற ஜெர்மானியருக்குச் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிற்று. அந்தக் கூட்டத்தில் இருந்த இன்னோர் இளைஞர் மெண்டலீவ். அணு எடைகள் ஒழுங்குக்கு வந்த பின்தான், 1869இல், அவருடைய தனிம வரிசை அட்டவணை பிறந்தது. மாநாட்டில் நடக்கும் பேச்சைவிட, வீடு திரும்பும்போது பையில் கிடக்கும் தாள் பயனுள்ளது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அப்போதும் எடைதான் ஒழுங்குக்கு வந்தது. அணு என்பது நிஜப் பொருளா, கணக்கெழுத வசதியான கற்பனையா என்ற கேள்வி அப்படியே நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நம்பச் சொல்வது அறிவியலா என்று வியன்னாவில் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக் கேட்டார். லைப்சிக்கில் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், அணுவே இல்லாமல் ஆற்றலை மட்டும் வைத்து வேதியியல் முழுவதையும் எழுதிக் காட்ட முயன்றார். 1895இல் லூபெக் நகரில் இந்தக் கட்சிக்கும் லுட்விக் போல்ட்ஸ்மானுக்கும் கடும் வாக்குவாதம் நடந்தது. வாயுவின் அழுத்தம், வெப்பம் எல்லாமே கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் முட்டல் மோதல் என்பது போல்ட்ஸ்மானின் வாழ்நாள் வேலை. மாக்கையும் ஆஸ்ட்வால்டையும் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர்கள் கேட்டது ஆதாரம். அது அன்றைக்குப் போதுமான அளவுக்கு இல்லை.

ஆதாரம் ஒரு தாவரவியலாளரின் நுண்ணோக்கியில் ஏற்கெனவே இருந்தது. 1827இல் ராபர்ட் பிரவுன், மகரந்தத்தின் உள்ளிருந்து வெளிவந்த நுண்துகள்கள் தண்ணீரில் ஓயாமல் துள்ளுவதைப் பார்த்தார். மகரந்தத்தூளே துள்ளியதாகப் பல புத்தகங்கள் எழுதுகின்றன. அது அவ்வளவு எளிதில் ஆடாது, கனம் அதிகம். உயிருள்ளது என்பதால் துள்ளுகிறதோ என்று பிரவுனுக்கே முதலில் தோன்றியது. பாறையைப் பொடித்துப் போட்டார். அந்தப் பொடியும் துள்ளியது. 1905இல் ஐன்ஸ்டைன் இதைக் கணக்காக மாற்றினார். தண்ணீர் மூலக்கூறுகள் நாலா பக்கமும் இடிப்பதால்தான் துகள் ஆடுகிறது என்றால், இத்தனை நேரத்தில் சராசரியாக இத்தனை தூரம் விலகியிருக்க வேண்டும் என்று சூத்திரம் கொடுத்தார். அளந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

அளந்தவர் பாரிஸில் இருந்த ழான் பெரென். அவருக்குப் பிடித்தமான பொருள் கம்போஜ், ஓவியர்கள் மஞ்சள் நிறத்துக்குப் பயன்படுத்திய மரப்பிசின். மீன் குழம்பில் போடும் குடம்புளி இருக்கிறதே, அந்தப் பேரினத்து மரம்தான் இதைத் தருவது. இந்தப் பிசினைத் தண்ணீரில் கரைத்தால் குட்டிக் குட்டி உருண்டைகளாகப் பிரியும். உருண்டைகள் எல்லாம் ஒரே அளவில் வேண்டும். ஒரு கிலோ பிசினைப் பல மாதங்கள் மையவிலக்குப் பொறியில் சுற்றிச் சுற்றிப் பிரித்து, கடைசியில் ஒரு கிராமுக்கும் குறைவாகவே அவருக்குத் தேவையானது கிடைத்தது.

அப்புறம் செய்தது எண்ணிக்கை. மலை ஏற ஏறக் காற்று நீர்த்துப்போகிறது அல்லவா? சுமார் ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் பாதியாகிவிடும். அதே விதி இந்த உருண்டைகளுக்கும் பொருந்த வேண்டும் என்றார் பெரென். நுண்ணோக்கியில் ஒவ்வொரு மட்டமாகப் பார்த்து எண்ணினார். அடிமட்டத்தில் 100 என்றால், 0.03 மில்லிமீட்டர் மேலே போனதும் 47. இன்னும் அதே அளவு மேலே போனால் 22.6. அதற்கும் மேலே 12. ஒரு தொடரில் மட்டும் சுமார் 13,000 உருண்டைகள். காற்றுக்கு ஐந்தரை கிலோமீட்டர், இந்த உருண்டைக்கு அரிசிமணியின் தடிமன்கூட இல்லை. அந்த அளவுக்கு உருண்டை மூலக்கூறைவிடக் கனம். உருண்டையின் எடை தெரியும். ஆகவே மூலக்கூறின் எடையும் கிடைத்துவிட்டது. 18 கிராம் தண்ணீரில் எத்தனை மூலக்கூறு? ஏழுக்குப் பின்னால் 23 சுழியம் போட்ட எண்ணுக்கு அருகே வந்தது விடை. இன்றைய மதிப்பில் அந்த ஏழுக்குப் பதில் ஆறுக்குச் சற்று மேல். பிசினும் நுண்ணோக்கியும் வைத்து இவ்வளவு நெருங்கியதே பெரிது.

இதே எண் வேறு திசைகளிலிருந்தும் வந்து சேர்ந்ததுதான் வழக்கைத் தீர்த்தது. கதிரியக்கத் தனிமமான ரேடியம் கக்கும் ஆல்ஃபா துகள்களை, அதாவது மின்னேற்றம் கொண்ட ஹீலியம் துகள்களை, எண்ணி, அவை சேர்ந்து உண்டாகும் ஹீலியத்தின் அளவோடு ஒப்பிட்டாலும் அதே எண். வானத்தின் நீலத்திலிருந்து கணக்கிட்டாலும் அதற்குப் பக்கத்தில். பிசினுக்கும் ரேடியத்துக்கும் வானத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மூன்றும் ஒரே எண்ணைச் சொன்னால் அணு இருக்கிறது என்றுதான் பொருள். 1908 இறுதியில் ஆஸ்ட்வால்ட் தன் பாடநூலின் புதிய பதிப்பின் முன்னுரையில், ஆதாரம் கிடைத்துவிட்டது, ஏற்கிறேன் என்று எழுதினார். முப்பது ஆண்டுப் பெயர் பெற்ற ஒருவர் அச்சில் இப்படி எழுதியதை நான் மதிக்கிறேன். போல்ட்ஸ்மான் அதைப் பார்க்க இல்லை. 1906இல் இறந்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை. அணு இருக்கிறது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட நேரத்தில், பிளக்க முடியாத டால்டனின் அணு பிளந்து கிடந்தது. 1897லேயே கேம்பிரிட்ஜில் ஜே.ஜே. தாம்சன், அணுவைவிட மிகமிக லேசான எலக்ட்ரானைக் கண்டுபிடித்திருந்தார்.

மான்செஸ்டரில் 1909இல் நடந்ததும் எண்ணும் வேலைதான். ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும், இருபது வயது மாணவர் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, திரையில் ஆல்ஃபா துகள் பட்டுத் தெறிக்கும் மினுக்கல்களை நுண்ணோக்கி வழியே எண்ணினார்கள். மெல்லிய உலோகத் தகட்டை நோக்கி விட்ட துகள்களில் ஏறக்குறைய எல்லாமே ஊடுருவிப் போயின. சுமார் 8,000இல் ஒன்று திரும்பி வந்தது. தாம்சனின் தர்பூசணியில் அப்படித் திருப்பியடிக்கும் அளவுக்கு எதுவும் இல்லை. 1911இல் ரூதர்ஃபோர்ட் முடிவுக்கு வந்தார்: அணுவின் எடை அனேகமாக முழுவதும் நடுவில் ஒரு புள்ளியில். அதன் விட்டம் அணுவின் விட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கோட்பாட்டைச் சோதிக்க அவர்கள் இருவரும் மீண்டும் உட்கார்ந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மினுக்கல்களை எண்ணினார்கள்.

பழைய இயற்பியல்படி பார்த்தால் அந்த அணு நிற்கவே கூடாது. சுற்றும் எலக்ட்ரான் ஒளியாக ஆற்றலை இழந்து கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடுவில் விழுந்துவிட வேண்டும். 1913இல் நீல்ஸ் போர், குறிப்பிட்ட சில பாதைகளில் அப்படி விழாது என்று ஒரு விதியையே போட்டார். ஏன் விழாது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் ஹைட்ரஜன் நிறமாலையின் கோடுகள் கச்சிதமாகப் பொருந்தின. 1920களில் ஹைசன்பெர்க்கும் ஷ்ரோடிங்கரும் அந்தப் பாதைகளையும் எடுத்துவிட்டார்கள். இங்கே இருக்க இவ்வளவு வாய்ப்பு என்று மட்டுமே எலக்ட்ரானைப் பற்றிச் சொல்ல முடியும். நியூட்ரான் 1932இல் வந்தது. வட்டப்பாதைப் படத்தை மட்டும் பாடநூல்களும் அலுவலக முத்திரைகளும் இன்னும் விடவில்லை.

பெரென் தேடிய அந்த எண்ணுக்கு வருகிறேன். அதன் பெயர் அவகாட்ரோ எண். இந்த நூற்றாண்டில் தூய சிலிக்கானால் சுமார் 94 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளைச் செய்து, படிகத்தில் அணுக்களுக்கு இடையிலுள்ள தூரத்தை எக்ஸ் கதிரால் அளந்து, உள்ளே எத்தனை அணுக்கள் என்று கணக்கிட்டார்கள். 2019 மே 20 முதல் அவகாட்ரோ எண் அளக்க வேண்டிய ஒன்றாக இல்லை. 6.02214076, பெருக்கல் பத்தின் 23ஆம் அடுக்கு. இத்தனை துகள்கள் சேர்ந்தால் ஒரு மோல் என்று உலகம் முழுவதற்கும் நிர்ணயித்துவிட்டார்கள்.

வணக்கம்.