குறி ஒன்று, அது இருக்கிற இடம் இரண்டு

(கல்லடிப் பக்கம் ஒரு வாசிகசாலையில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள். நடுவில் கரண்ட் போன பத்து நிமிஷத்தை விட்டுவிட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் புழுக்கத்திலும் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்கவில்லை. நான் டொக்டர் இல்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி மருந்து யன்னலுக்குப் பின்னால் நின்று குளிசை எண்ணிக் கொடுத்தவன். அந்த யன்னல் வழியாகப் பார்த்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

புற்றுநோய்க்குப் புது மருந்து எழுதிக் கொடுத்தால் நம் சனம் முதலில் கேட்கிற கேள்வி, "இது கீமோவா?" இல்லை, குறிவைத்துத் தாக்குகிற மருந்து, சிலது குளிசை, வீட்டிலேயே போடலாம் என்று சொன்னதும் முகம் மலரும். முடி கொட்டாதாம், சத்தி வராதாம், அப்படியென்றால் பக்கவிளைவே இல்லை என்று அவர்களாகவே முடிவு கட்டிவிடுவார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

நம் வாவியை நினைத்துப் பாருங்கள். பழைய கீமோ வீச்சு வலை மாதிரி, வேகமாகப் பெருகுகிற எந்த உயிரணுவையும் அள்ளும், அதில் முடியின் வேரும் வரும், குடலின் உட்தோலும் வரும். புது மருந்து தூண்டில். புற்று அணுவில் இருக்கிற ஒரு புரதத்தைப் பார்த்து இரை கட்டியிருக்கிறார்கள். சரி, நல்லது. ஆனால் அந்த இரையை விரும்புகிற மீன் வேறு எங்கே இருந்தாலும் வந்து கடிக்கும்தானே? பல நேரம் மருந்து குறி தவறுவதில்லை. அந்தக் குறி நல்ல உறுப்பிலும் இருக்கிறது, அதுதான் தொல்லை.

மார்பகப் புற்றுக்குக் கொடுக்கிற டிராஸ்டுசுமாப் ஊசியை எடுங்கள், 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, எத்தனையோ பெண்களைக் காப்பாற்றிய மருந்து. அது பிடிக்கிற ஹெர்2 புரதம் இதயத் தசைக்கும் தன்னைப் பழுது பார்த்துக்கொள்ளத் தேவை. 2001இல் வந்த பெரிய ஆய்வில், ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோவோடு இதையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் 27 வீதத்தினருக்கு இதயம் பலவீனப்பட்டது, அந்தக் கீமோ மட்டும் எடுத்தவர்களில் 8 வீதம். அதற்குப் பிறகுதான் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதைத் தவிர்த்தார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுக்கச் சொன்னார்கள். நேரத்தோடு கண்டால் பெரும்பாலும் இதயம் மீண்டு வரும். ஆகவே அக்காமாரே, "நெஞ்சுதான் நல்லா இருக்கே, இன்னொரு எக்கோ எதுக்கு" என்று அந்தத் திகதியை விட்டுவிடாதீர்கள். படியேறும்போது இளைத்தாலோ, கால் வீங்கினாலோ, இரவில் தலையணையை உயர்த்தி வைத்தால்தான் மூச்சு வருகிறது என்றாலோ வயதுக் களை என்று விடவும் வேண்டாம்.

பெவாசிசுமாப் இன்னொரு ரகம். கட்டிக்குப் புது இரத்தக் குழாய் முளைக்கவிடாமல் தடுக்கும். புண் ஆறுவதற்கும் அதே குழாய்தானே வேண்டும்? அதனால்தான் சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 28 நாளுக்கு முன்பே அதை நிறுத்துகிறார்கள். பிரஷர் ஏறும், இரத்தம் கசியும், அரிதாகக் குடலில் ஓட்டை விழும். பல்லுப் பிடுங்கப் போனாலும் பல் டொக்டரிடம் இந்த மருந்தின் பேரைச் சொல்லுங்கள்.

நுரையீரல் புற்றுக்கான ஜெஃபிடினிப் குளிசையை உலகத்திலேயே முதலில் அனுமதித்தது ஜப்பான், 2002 ஜூலையில். வீட்டில் போடுகிற லேசான மருந்து என்று பேர் வாங்கியது. சில மாதத்துக்குள் நுரையீரல் அழற்சி வந்து பலர் இறந்தார்கள், ஒக்டோபரில் அங்கே அவசர எச்சரிக்கை விட்டார்கள். அந்த ஆபத்து மருந்துத் தாளில் முதலிலேயே அச்சாகித்தான் இருந்தது, ஆனால் கீழே ஒரு வரியாக. நான் எண்ணிக் கொடுத்த பெட்டிகளுக்குள்ளும் அந்த மடித்த தாள் இருந்தது, யாராவது விரித்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. புதிதாக வரட்டு இருமலும் மூச்சுமுட்டலும் வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே போக வேண்டும், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள். அதே மருந்து முகத்தில் பரு மாதிரிப் போடும், அது உயிருக்கு ஆபத்தில்லை, பருவுக்கு விற்கிற கிறீமைப் பூசித் தோலை இன்னும் எரிய வைக்காமல் இருந்தால் சரி. வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி உப்புத்தூள் கரைத்துக் குடியுங்கள், நம் சித்திரை வெயிலில் ஒரு நாளிலேயே ஆளைச் சாய்த்துவிடும்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக வாய் தன்பாட்டில் சொல்லும், "சாப்பாட்டுக்குப் பிறகு." இரத்தப் புற்றுக்கு இமாடினிப் என்றால் அது சரிதான், சாப்பிட்டுவிட்டுப் பெரிய கோப்பைத் தண்ணீரோடு போட வேண்டும். அதே வருத்தத்துக்கு நிலோடினிப் என்றால் நேர் எதிர், போடுவதற்கு முன் 2 மணி நேரமும் பின் 1 மணி நேரமும் எதுவும் சாப்பிடக் கூடாது, ஏனென்றால் சாப்பாடு சேர்ந்தால் இரத்தத்தில் மருந்து ஏறி இதயத் துடிப்பைக் குழப்பும், அப்படி ஆள் திடீரென்று போனதும் உண்டு. ஒரு நாள் நிலோடினிப்பைக் கையில் கொடுத்துவிட்டு அதே பழைய பாட்டைப் பாடிவிட்டேன். அந்தத் தங்கச்சி போன பிறகுதான் உறைத்தது, பஸ் ஹோல்ட் வரைக்கும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். நல்ல காலம், வாழைச்சேனை பஸ் பிந்தித்தான் வந்தது.

அப்புறம் மற்ற மருந்துகள். நெஞ்செரிவுக்குப் பாமசியில் வாங்குகிற ஒமெப்ரசோல், நுரையீரல் புற்றுக்கான எர்லோடினிப் குளிசையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. பம்பளிமாசு இனப் பழங்கள் சில குளிசைகளின் அளவைக் கூட்டிவிடும். முட்சீத்தா இலை அவித்துக் குடிக்கிறவர்கள் இங்கே எத்தனை பேர் என்று கேட்கவில்லை, கையை உயர்த்தவும் வேண்டாம், கிளினிக்கில் மறைக்காமல் சொன்னால் போதும்.

மறைப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருக்கிறார்கள். பெரும்பாலும் சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து, திரும்பத் தொடங்குவார்கள். அளவு குறைந்தால் வேலை செய்யாது என்றும் இல்லை. மறைத்து மறைத்துக் கடைசியில் வாட்டில் படுத்தால்தான் அந்த மருந்து ஒரேயடியாகக் கை நழுவும்.

பேச்சு முடிந்து தேத்தண்ணீர் கொடுக்கும்போது வயதான ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் செருப்பைக் கழற்றிக் காட்டினார். ஈரல் புற்று, சொரஃபெனிப் குளிசை. இரண்டு உள்ளங்காலிலும் குதி சிவந்து, தடித்து, ஓரத்தில் கொப்புளம். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"ஒரு மாசம் இருக்கும் மனே. நேர்ஸ் மிஸ்ஸிக்கிட்ட சொல்லல்ல. வயலுக்குள்ள நிண்டதால எண்டு நினைச்சன்."

"அடுத்த கிளினிக் எப்ப ஐயா?"

"வெள்ளிக்கிழமை. மறுகா அறுவடை இருக்கு."

வெள்ளி வரைக்கும் இருக்க வேண்டாம், நாளைக்குக் காலையிலேயே காலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று சொன்னேன். அவர் மகளைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னேன். அவள் அப்போதுதான் அந்தக் காலை முதல் தடவையாகப் பார்த்தாள்.