ஒரே வளவு, வேறு வேறு அடுப்பு

(காரைக்குடியில் பறவை ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, பள்ளிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பறவை என்றதும் நம் பக்கத்தில் எல்லோரும் வேட்டங்குடியைத்தான் சொல்வோம். கொக்கு, நாரைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். அந்தப் பெருமை இருக்கட்டும். நான் இன்று பேச வந்தது மரத்திலும் புதரிலும் வாழ்கிற பாட்டுக் குருவிகளைப் பற்றி.

எங்கள் வீட்டு முகப்பில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது. ஒரு பங்குனியில் குண்டுகரிச்சான் சேவல் ஒன்று அதன்மேல் பாய ஆரம்பித்தது. தன் இடத்துக்குள் இன்னொரு சேவல் நுழைந்துவிட்டதாக அதற்கு எண்ணம். கொத்தும், தரையில் விழும், தூணோரம் உட்கார்ந்து வாலைத் தூக்கிப் பாடும், மறுபடியும் பாயும். கண்ணாடி முழுக்க அலகு பட்ட ஈரக் கோடுகள். நாலாம் நாள் ஆத்தா பழைய ஜமுக்காளத்தால் கண்ணாடியை மூடினார்கள். அன்றோடு சண்டை நின்றது. அந்த நாலு நாளும் கொல்லைக்கு வெளியே பொட்டலில், கரிச்சானின் உறவுக்காரக் கருஞ்சிட்டு நிம்மதியாகப் பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. அதை இது சட்டை செய்யவே இல்லை.

ஏன்? கரிச்சானுக்கு மரநிழலும் தோட்டமும் வேண்டும். கருஞ்சிட்டுக்குக் கல்லும் முள்ளும் காய்ந்த செம்மண்ணும் போதும். பங்குக்கு வராதவனோடு என்ன வழக்கு?

சேவல் பாடுவதே பாதி வேலி போடுகிற வேலைதான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பக்கத்து வைதம் காட்டில் ஜான் கிரெப்ஸ் என்ற விஞ்ஞானி 1970-களில் இதைச் சோதித்தார். பட்டாணிக்குருவிகளைப் பிடித்து அப்புறப்படுத்திவிட்டு, சில இடங்களில் மட்டும் ஒலிபெருக்கியில் அவற்றின் பாட்டைப் போட்டார். பாட்டுக் கேட்ட இடத்துக்குப் புதுக் குருவிகள் வரத் தயங்கின. மற்ற இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிட்டன.

அதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் ராபர்ட் மக்கார்தர் 1958-இல் வெளியிட்ட ஆய்வு. வடகிழக்கு ஊசியிலைக் காடுகளில் ஐந்து வகைக் கதிர்க்குருவிகள். எல்லாம் நெருங்கிய சொந்தம், எல்லாம் பூச்சி தின்பவை, இருப்பதும் ஒரே வகை மரத்தில். எப்படி ஒத்துப்போகின்றன? அவர் மரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு, எந்தக் குருவி எந்தக் கட்டத்தில் எவ்வளவு நேரம் மேய்கிறது என்று குறித்தார். ஒன்று உச்சிக் கொப்பில், ஒன்று நடுமரத்தில் உள்பக்கமாக, ஒன்று பெரும்பாலும் கீழே. இரை தேடுகிற விதமும் ஆளுக்கொரு மாதிரி.

அதைப் படித்தபோது நம் வீட்டு வளவுதான், உள்முற்றத்தைச் சுற்றிய அந்தக் கட்டுதான், கண்முன் வந்தது. கல்யாணமான பிள்ளையை நாம் வேறு வைக்கிறோம், இல்லையா? அதே வீடு, அதே வளவு; ஆனால் அரிசி தனி, அடுப்பு தனி.

தேவை ரொம்பவும் ஒன்றாகிவிட்டால் உறவுக்குள்ளும் எல்லைக்கோடு விழும். இங்கிலாந்தில் கருந்தொப்பிக் கதிர்க்குருவியும் தோட்டக் கதிர்க்குருவியும் அப்படி. இரண்டுக்கும் அடர்ந்த புதர்தான் பிடிக்கும். முன்னதை அகற்றிப் பார்த்தார்கள். அந்த இடத்தில் பின்னது வந்து குடியேறியது.

சரி, நம் ஊருக்கு வருவோம். கொண்டைக்குருவியை எல்லோருக்கும் தெரியும், கம்பியில்கூட உட்காரும். அதன் சொந்தமான வெண்புருவக் கொண்டைக்குருவி புதருக்குள்ளேயே இருந்து கத்தும். வெளியே தலை காட்டுவது அபூர்வம். கோயில் புறத்தையும் ஊருணிக் கரையையும் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபி விட்டு, வேம்பையும் புங்கையையும் மட்டும் நிறுத்துகிறோமே, அப்போது முதலில் வீடிழப்பது இரண்டாவதுதான். காரைச் செடியால்தான் காரைக்குடி என்பார்கள். அந்தக் காரையும் சூரையும்தான் அதற்கு வீடு. நிழலுக்கு மரம் விட்டோமே என்று சமாதானம் சொல்லாதீர்கள். புதர் இருக்கிற கீழ்த்தட்டு போனால் அந்த அடுப்பு அணைந்தது.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஊருணிக் கரைக்கு வாருங்கள். வெட்டின பக்கம் பத்து நிமிடம் நிற்போம், அப்புறம் வெட்டாத பக்கம் பத்து நிமிடம். பிள்ளைகள் நோட்டு கொண்டுவரட்டும்; எத்தனை குரல் என்று எழுதிக்கொள்ளலாம்.