முள்முடி நட்சத்திர மீன்: ஒன்று இருந்தால் விடுங்கள், கூட்டமாக வந்தால்?

[காட்சி: மொரிசியஸ் தீவின் புளூ பே கடல். கண்ணாடி அடிப்பலகை வைத்த படகு. கீழே தட்டையாக விரிந்த பவளம், நடுவில் பளிச்சென்ற வெள்ளைத் திட்டு.]

குரல்: வணக்கம். இந்த வெள்ளைத் திட்டைப் பாருங்கள். கடல் சூடேறினாலும் பவளம் வெளுக்கும், ஆனால் அப்போது மேலே மெல்லிய உயிர்ச்சதை மிச்சமிருக்கும். இங்கே சதையே இல்லை, வெறும் கூடுதான். பவளத்தின் அடியில் தேடினால் காரணம் தெரிந்துவிடும்.

[காட்சி: நெருக்கத்தில், முட்கள்.]

குரல்: இதுதான் முள்முடி நட்சத்திர மீன். கைகள் 20-க்கு மேலும் இருக்கும். உடம்பு பெரும்பாலும் 25 முதல் 35 சென்டிமீட்டர். முட்களில் நஞ்சு. இது சாப்பிடும் விதம் விசித்திரமானது: வயிற்றை வாய் வழியாக வெளியே தள்ளி, பவளத்தின் மேல் விரித்து, அங்கேயே செரித்து உறிஞ்சிவிடும். வேலை முடிந்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகரும். வளர்ந்த ஒன்று ஆண்டுக்கு 10 சதுர மீட்டர் பவளம் வரை தின்னக்கூடியது.

சரி, அப்படியானால் கண்ட இடத்தில் கொன்றுவிடலாமா? கூடாது. இது எங்கிருந்தோ வந்து புகுந்த பிராணி அல்ல. மொரிசியஸில் சேகரித்த மாதிரிகளை வைத்து 1885-இல் சுவிஸ் அறிஞர் பெர்செவால் த லோரியோல் இதை விவரித்தார். தென் இந்தியப் பெருங்கடலில் வாழும் இனத்தின் அறிவியல் பெயரிலேயே நம் தீவு இருக்கிறது. வேகமாக வளரும் கிளைப் பவளங்களைத்தான் இது அதிகம் விரும்பும். அதனால் மெதுவாக வளரும் பவளங்களுக்கும் இடம் கிடைக்கிறது. ஒன்றிரண்டு இருப்பது பவளத்திட்டுக்கு இயல்பானதுதான்.

[காட்சி: பவளக் கிளைகளுக்குள் ஒரு சின்ன நண்டு.]

குரல்: இந்த நண்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விரல் நகம் அளவுதான். பவளக் கிளைகளுக்கு நடுவிலேயே குடியிருக்கும். முள்முடி ஏற வந்தால், அதன் அடியில் இருக்கும் மெல்லிய குழாய்க் கால்களைக் கிடுக்கியால் கிள்ளிக் கிள்ளி விரட்டும். பல நேரம் அந்தப் பெரிய உருவம் பின்வாங்கி வேறு பவளம் தேடிப் போய்விடும்.

எண்ணிக்கை எகிறும்போதுதான் ஆபத்து. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 15 வந்துவிட்டாலே பெருக்கம் என்று கணக்கிடுகிறார்கள். அங்கே 1985 முதல் 2012 வரை பவளப் பரப்பு பாதியாகக் குறைந்தது. அந்த இழப்பில் 42 சதவீதத்துக்கு முள்முடியே காரணம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

ஏன் பெருகுகிறது? ஒரு பெட்டை ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் நீரில் மிதக்கும் நுண்பாசியைத் தின்று வளரும். உரம் கலந்த மழைநீர் கடலில் சேர்ந்தால் பாசி பெருகும், குஞ்சுகளும் அதிகம் பிழைக்கும் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம். கரும்பு வயல்களுக்குக் கீழேயே லகூன் (கரைக்கும் பவளத்திட்டுக்கும் நடுவே உள்ள ஆழமில்லாத கடல்) இருக்கும் நம் தீவில் இதை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. சூறாவளி மழையில் ஆறு செம்மண் நிறத்தில் இறங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆற்றங்கரையில் மரமும் புல்லும் விட்டுவைத்தால் அந்த மண்ணில் ஒரு பங்காவது கரையிலேயே நிற்கும்.

பெருகிவிட்டால் அகற்றத்தான் வேண்டும். வெட்டிப் போடக் கூடாது. துண்டுகள் திரும்ப வளரலாம். பயிற்சி பெற்ற முக்குளிப்பாளர்கள் நீண்ட ஊசியால் மாட்டுப் பித்த உப்புக் கரைசலைச் செலுத்துவார்கள். சாதாரண வினிகரே போதும் என்றும் ஆய்வு காட்டியிருக்கிறது: 20 மில்லி செலுத்தினால் 48 மணி நேரத்துக்குள் சாகும். அனுமதி இல்லாமல் நீங்களாக இதில் இறங்க வேண்டாம்.

[காட்சி: மணலில் ஊரும் பெரிய ட்ரைட்டன் சங்கு.]

குரல்: முள்முடியைத் தின்னும் உயிர்கள் கடலிலேயே இருக்கின்றன. அதில் முக்கியமானது ட்ரைட்டன் சங்கு. அதன் வாடை நீரில் பட்டாலே முள்முடி விலகி ஓடும். அழகான ஓட்டுக்காகவே இதைப் பிடித்துப் பிடித்துப் பல கடல்களில் அரிதாக்கிவிட்டார்கள். கடையில் அலங்காரத்துக்கு வைத்திருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

அப்புறம், முள்முடிகளைக் கூட்டமாகக் கண்டால் படமெடுத்து, இடம், ஆழம், எண்ணிக்கையைக் குறித்து மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள். முள் குத்திவிட்டால் தோல் தாங்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருங்கள், உடனே மருத்துவரிடம் போங்கள். முறிந்த முள் உள்ளே தங்கினால் புண் எளிதில் ஆறாது.